பழைய சத்ரியா ஜிடிஐ, புத்ரா: இஞ்சினை வீட்டிலேயே பிரித்து வேலை பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் காடி (கார்) என்றால் பெரும்பாலும் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, இல்லையென்றால் புரோட்டோன் புத்ரா. இரண்டும் 90களின் பிற்பாதியில் வந்தவை. இரண்டிலும் மிட்சுபிஷி வழிவந்த 1.8 லிட்டர் 4ஜி93 இஞ்சின்: 1,834 சிசி, இரட்டை கேம், 16 வால்வு. புரோட்டோன் 1996-இல் லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியை வாங்கியதால் ஜிடிஐயின் ஓட்டத்தை லோட்டஸ்காரர்களே செதுக்கிக் கொடுத்தார்கள். வளைவில் இன்றைக்கும் அது தெரியும். ஆனால் இஞ்சினுக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. புகை, சூடு, சத்தம் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். தோட்டத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும் அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பழைய காடி வைத்திருப்பவர்களுக்கும் அளவுகள்தான் மாறும், முறை மாறாது.

அண்ணே, இது நம்ம கையால் ஆகிற வேலையா?

ஆகும். பிரேக் பேட் மாற்றி, ஆல்டர்னேட்டர் கழற்றி மாட்டி, அதற்குப் பிறகும் காடி ஒழுங்காக ஓடியிருக்கிறது என்றால் இஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றவும் உங்களால் முடியும். கழற்றுவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. இஞ்சின் வேலையின் உயிர் அளப்பதில் இருக்கிறது. சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது, பியரிங்கில் எவ்வளவு இடைவெளி என்று அளக்காமல் புதுச் சாமான் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. அளக்கப் பொறுமை இல்லாதவர் போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே காடியை வைத்துக்கொண்டு அதன் இஞ்சினைப் பிரித்தால், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் ஞாயிறு ராத்திரி தப்பான வேலை நடக்கும். ஒரு பழைய கப்சாய் மோட்டார் இருந்தால்கூடப் போதும்.

எதை வீட்டில் செய்யலாம், எதை வெளியே கொடுக்க வேண்டும்?

பிரிப்பது, கழுவுவது, பார்ப்பது, திரும்பப் பூட்டுவது உங்கள் வேலை. உலோகத்தை வெட்டுவது மெஷின் ஷாப் வேலை. ஹெட் ஸ்கிம் செய்வது (அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்துவது), வால்வு சீட் வெட்டுவது, சிலிண்டர் போர் அடிப்பது (குடைந்து பெரிதாக்குவது), கிராங்க் தண்டைத் தேய்ப்பது எல்லாம் ஈப்போவுக்குப் போகட்டும். சமதளக் கண்ணாடியில் மணல் காகிதம் ஒட்டி ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

புகை வருகிறது. இஞ்சின் முடிந்ததா?

எந்த நிறம், எப்போது என்று முதலில் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? மேட்டிலிருந்து கியரில் இறங்கி, அடியில் வந்து மறுபடி மிதிக்கும்போது வருகிறதா? அப்படியானால் வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ஸ்டெம் சீல்மேல்தான் முதல் சந்தேகம். ரப்பர் வயதாகிக் கல்லாகியிருக்கும். மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டர் துளை). இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்து, இஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே எரிகிறது. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போகும் கதை, அதற்கு இஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. சென்சாரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பியரிங் போய்விடும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். தோட்டத்திலிருந்து கடைத்தெரு வரை மட்டுமே ஓடும் காடிகளில் ஈரம் காயாமல் நின்று அப்படி ஆவதுண்டு.

ஓவர்ஹால் தேவையா இல்லையா என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். பிரிக்கும் முன் கட்டாயம் தெரிந்துகொள்ளவும் வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்குங்கள், திருகி மாட்டும் வகையாக. இஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்துவிடுங்கள். ஒரு ஆள் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும், முள் ஏறி நிற்கும் வரை. பேட்டரி பலவீனமாக இருந்தால் எல்லா எண்ணும் பொய்யாகும்.

நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். மொத்த அளவைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். சுமார் 1 பாருக்கு மேல் ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஏதோ இருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் வெடித்திருக்க அதிக வாய்ப்பு.

இந்த ஒரு மணி நேர வேலை, ஹெட்டை மட்டும் பார்க்கும் டாப் ஓவர்ஹால் போதுமா, முழு இஞ்சினையும் பிரிக்கும் ஃபுல் ஓவர்ஹால் வேண்டுமா என்பதை ஏறக்குறைய சொல்லிவிடும். இதைச் செய்யாமல் புகையைப் பார்த்ததுமே ஹெட்டை மட்டும் புதுசாக்கினால் இன்னொரு வம்பும் உண்டு. மேலே வால்வு நன்றாக அடைத்து அழுத்தம் கூடும், கீழே ரிங் தேய்ந்தபடியே இருக்கும், ஆயில் முன்பைவிட வேகமாகக் குறையும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, எடுத்துவிடு" என்கிறார்களே?

பாதி மலேசியாவைப் பிடித்த வியாதி இது. காடி சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவார்கள். முள்ளும் கீழே இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் என்ன நடக்கிறது? இஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரம் ஆகிறது. இன்னும் குளிர்ந்தே இருக்கிறேன் என்று சென்சார் சொல்வதால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக் கீழே இறக்கும். ரிங் தேயும், ஆயில் நீர்த்துப்போகும். வெயில் வெளியே 33 பாகை என்றால் இஞ்சினுக்கு அது குளிர்தான். அது வேலை செய்ய நினைக்கும் சூடு 90 பாகையை ஒட்டியது.

சூடேறியதற்கு உண்மையான காரணம் அப்படியே இருக்கும்: அடைத்த ரேடியேட்டர், பழைய மூடி, சுற்றாத காற்றாடி, ஒழுகும் வாட்டர் பம்ப். பைப் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றி ஓட்டிய காடிகளில் ஹெட்டைக் கழற்றினால் தண்ணீர் வழிகளைச் சுற்றி அலுமினியம் பூச்சி அரித்தது போலக் குழிகுழியாக இருக்கும். கேஸ்கெட் அடைக்க வேண்டிய இடத்தையே அரிப்பு தின்றிருக்கும். 4ஜி93-இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் இழுபடுகிறது. அதன்மேல் ஒரு தடவை தண்ணீர் வற்றிக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும்.

தெர்மோஸ்டாட் மலிவான சாமான். புதிதாக வாங்கியதையும் போடும் முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் 82 அல்லது 88 என்று அச்சடித்திருக்கும் பாகையை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அம்மாவின் சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

இத்தனை பாடுபடுவதற்கு ஒரு ஹாஃப்கட் இஞ்சின் வாங்கிப் போட்டால் என்ன?

போடலாம், பலர் போடுகிறார்கள். ஜப்பானில் பழைய காடியைப் பாதியாக வெட்டி அனுப்பிய இஞ்சின் சில நேரம் உங்களுடையதைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆனால் அதுவும் பழசு. எவ்வளவு ஓடியது, எவ்வளவு காலம் கொள்கலனிலும் கடை முற்றத்திலும் கிடந்தது என்பதற்குத் தவுக்கேயின் (கடை முதலாளியின்) வாய்வார்த்தைதான் சாட்சி. வாங்குவதாக இருந்தால் கேஜைக் கையோடு கொண்டுபோய்க் கம்ப்ரஷன் பார்த்து வாங்குங்கள். ஆயில் மூடியைத் திறந்து கேமின்மேல் படிந்திருப்பது தேன் நிறமா தாரா என்று பாருங்கள். வாங்கி வந்ததும் டைமிங் பெல்ட், சீல்கள், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றாமல் காடியில் ஏற்றாதீர்கள்.

என் விருப்பம் இருக்கும் இஞ்சினையே சரி செய்வதுதான். பிளாக் நல்லதாக இருந்து, வரலாறு தெரிந்த இஞ்சினுக்குச் செலவழிக்கும் காசு எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். கடைக்குப் போனால் டர்போ வைத்த 4ஜி93-உம் 4ஜி63-உம் பக்கத்திலேயே நின்று கண்ணடிக்கும். அப்புறம் பிரேக், கியர்பாக்ஸ், கிளட்ச் என்று அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகும்.

இஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விவகாரம் உண்டா?

உண்டு. இஞ்சின் நம்பர் கெராண்டில் (காடிப் பதிவுப் பத்திரத்தில்) இருப்பது. வேறு இஞ்சின் போட்டால் பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜே பதிவில் மாற்ற வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாற்றாமல் ஓட்டினால் சாலைத் தடுப்பிலும் மாட்டலாம், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். உங்கள் சொந்த பிளாக்கையே போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டால் இஞ்சின் நம்பர் மாறுவதில்லை.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் போர்ச்சில் செய்யலாமா?

தரை சிமெண்டாகவும் சமமாகவும் இருந்தால் போதும். ஜெக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். செம்மண் தரையில் ஸ்டாண்ட் மழைக்குப் பிறகு இறங்கும். பலகை போட்டாலும் எனக்கு மனசு ஒப்பாது.

அடுத்தது பெட்ரோல். இன்ஜெக்‌ஷன் இஞ்சினில் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். இஞ்சின் ஓடும்போதே பம்பின் இணைப்பைப் பிடுங்கி, அது தானாக நின்ற பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் வாசலில் விளக்கு, சாம்பிராணி எல்லாம் வரும் வீடு நம் வீடு. அன்றைக்கு மாலையில் அந்தக் குழாயைத் தொடாதீர்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

போர்ச் உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி இஞ்சினைத் தூக்கலாமா?

கூடாது. ரம்புத்தான் மரக்கிளையும் கூடாது. கூரையைத் தாங்கப் போட்ட உத்தரம் இரும்பு பிளாக்கும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே புள்ளியில் தொங்கும் எடையைத் தாங்குவதற்குப் போட்டதல்ல. மடக்கும் இஞ்சின் கிரேனை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள். தூக்கியிருக்கும் இஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது.

என்னென்ன ஆயுதம் வேண்டும்?

சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, இறுக்கும் அளவைக் காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ், நேர்விளிம்பு, கம்ப்ரஷன் கேஜ், ரிங் அமுக்கும் பட்டை. டார்க் ரெஞ்சில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் விலை அதிகம். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு: பக்கத்துச் செம்பனை ஆலைகளில் ஃபிட்டராக இருக்கும் மாமாக்களுக்கு இவை அன்றாடக் கருவிகள். ஆலைச் சாமானை வெளியே எடுத்துவரச் சொல்லி அவர்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். சொந்தமாக வைத்திருப்பவரைக் கேட்டால் கருவியும் கிடைக்கும், பிடிக்கும் முறையையும் சொல்லித் தருவார். "மாமா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றால் மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

போல்ட்டுகளைத்தான். கழற்றிய இடத்தின் பெயரை எழுதி சின்ன பிளாஸ்டிக் பைகளில் போடுங்கள். நீளம் மாறிய போல்ட் ஒன்று போதும், அலுமினிய மரையைப் பிய்த்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள், வயரும் வாக்குவம் குழாயும் எங்கே போகின்றன என்று தெரியும்படி. வால்வுகளையும் ராக்கர்களையும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள், எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்டுகளுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து விடுங்கள். ஹெட் போல்ட்டுகளை இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்றில் தளர்த்துங்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். போர்ச் அன்றைக்குக் காலியாக வேண்டும், வீட்டில் சண்டை வரும்.

ஹெட்டைக் கழற்றியாச்சு. இப்போது எங்கே பார்ப்பது?

கழுவுவதற்கு முன் பாருங்கள். கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஒரு உலோக வளையம் இருக்கும். நல்ல இடத்தில் அது ஒரே நிறத்தில் மினுங்கும். வாயு கடந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டிப் போகும், இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ தண்ணீர் ஓட்டையை நோக்கியோ. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே ஹெட்டிலும், நேர் கீழே பிளாக்கிலும் அதே கறை இருக்கும். கம்ப்ரஷன் கேஜ் சொன்ன சிலிண்டரும் இதுவும் ஒன்றாக இருந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். கழுவிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும். பிஸ்டன் தலைகளையும் பாருங்கள். மூன்று கரிபிடித்துக் கறுத்திருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் அங்கேதான் தண்ணீர் போயிருக்கிறது.

பிறகு சிலிண்டர். பிஸ்டனைக் கீழே இறக்கி, சுவரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். ரிங் போகாத இடத்தில் உலோகம் தேயாமல் நிற்பதால் ஒரு படி உருவாகியிருக்கும். நகம் வழுக்கிப் போனால் நல்லது. சட்டென்று தடுத்து நின்றால் போர் அடிக்க வேண்டி வரும் என்று மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நகம் சொல்வது சந்தேகத்தை மட்டும்தான். மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாகப் போர் கேஜ் வைத்து அளந்தால்தான் முடிவு சொல்லலாம். இந்த இஞ்சினின் போர் 81.0 மி.மீ. சுவரில் பழைய ஹோனிங் கீறல்கள் குறுக்கும் மறுக்குமாக இன்னும் தெரிந்தால் அதுவும் நல்ல சகுனம்.

ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்விளிம்பை நீளவாக்கிலும், அகலவாக்கிலும், மூலைக்கு மூலையும் வைத்து அடியில் ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்கேயும் நுழையவில்லை என்றால் நிம்மதி. நுழைந்தால் ஸ்கிம்முக்குப் போகட்டும்.

பிரித்த பிளாக்கைத் திறந்தபடி விடாதீர்கள். நம்ம ஊர் ஈரத்தில் வெறும் இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும். சுவரெல்லாம் ஆயில் தடவி, பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள்.

மெஷின் ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்?

"எல்லாம் பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் அளந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் ஈப்போ தவுக்கேக்கள் பேசும் முறையே மாறும். ஹெட்டென்றால் முதலில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஸ்கிம் காசு வீண். ஸ்கிம் செய்யும்போது சமமாகும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் ஏறட்டும் என்று கூடுதலாகச் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடம் குறையும், கேம் டைமிங்கும் சற்று நகரும்.

போர் அடிப்பதாக இருந்தால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்ப அடிக்கச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் பொதுவாக 0.25, 0.50 மி.மீ. என்று ஏறும். நான்கையும் ஒரே அளவில் செய்ய வேண்டும். முதலில் போர் அடித்துவிட்டு அந்த அளவில் பிஸ்டன் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஹெட்டும் லீவில் போய்விடும்.

பியரிங் சரியா என்று எப்படித் தெரியும்?

பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் மாதிரி ஒன்று விற்கும். கிராங்க் ஜர்னலை (பியரிங் உட்காரும் இடத்தை) ஆயில் இல்லாமல் துடைத்து, ஒரு துண்டு நூலை அதன்மேல் நீளவாக்கில் வைத்து, பியரிங் மூடியான கேப்பைப் பூட்டி, மேனுவல் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். கிராங்க்கைச் சுற்றக்கூடாது. திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சடித்த அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்தால் இடைவெளி எவ்வளவு என்று படித்துவிடலாம். இந்த மாதிரி இஞ்சின்களுக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை என்பது வழக்கமான எல்லை. பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் இருந்தால் ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது, கிராங்க் தேய்க்கப் போக வேண்டும்.

கேப்புகளை இடம் மாற்றக்கூடாது, திருப்பியும் போடக்கூடாது.

ரிங்கின் வாய் இடைவெளி?

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலரால் அளக்க வேண்டும். 81 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ. சுமாராகச் சரியான அளவு. ரிங் பெட்டியில் இருக்கும் தாள் சொல்வதே கடைசி வார்த்தை. கடைக்காரர் சரியாகத்தான் வெட்டியிருப்பார் என்று நம்பி அப்படியே போடாதீர்கள். வாய் மூடிக்கொண்டால் சூட்டில் ரிங் சிலிண்டரைக் கீறிவிடும்.

ஹெட் போல்ட்டை "கை கணக்கில்" இறுக்கலாமா? எங்கள் போர்மேன் அப்படித்தான் செய்கிறார்.

உங்கள் போர்மேனுக்கு முப்பது வருடக் கை. உங்களுக்கு இல்லை. 4ஜி93-இல் பாகைக் கணக்கு: முதலில் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்கி, எல்லாவற்றையும் முழுக்கத் தளர்த்தி, பிறகு 20 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 பாகை, இன்னும் ஒரு 90 பாகை. நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில். போல்ட் தலையில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று குழப்பம் வராது. இப்படி இறுக்கும் போல்ட்டுகள் நீளும். மேனுவல் சொல்லும் நீளத்தைத் தாண்டியது எதையும் திரும்பப் போடாதீர்கள். நான் புதுசுதான் வாங்குவேன்.

பூட்டும் முன் பிளாக்கில் உள்ள போல்ட் ஓட்டைகளைச் சுத்தமாகத் துடைத்துக் காய வையுங்கள். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை. பிளாக்கே விரிசல் விடலாம், டார்க் ரெஞ்சும் பொய் சொல்லும்.

டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளிப் போனால்?

ஒரு பல் என்றால் இழுவை இருக்காது, ஐட்லிங் ஆடும். இன்னும் தள்ளினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இந்த இஞ்சினில் இரண்டும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாக் குறிகளையும் பொருத்தி, டென்ஷனரைப் பூட்டியதும், பிளக் இல்லாமல், கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இஞ்சின் ஓடும் திசையில் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் குறிகள் நேராக இருந்தால்தான் கவர் போட வேண்டும்.

பெல்ட்டைத் திறந்த கையோடு டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கேஸ்கெட்டுக்கு மேல் கொஞ்சம் சிலிக்கோன் பூசினால் இன்னும் நல்லதுதானே?

ஹெட் கேஸ்கெட்டுக்கு வேண்டாம். ஆயில் பேன் போன்ற இடத்தில் மேனுவல் கேட்டால் மெல்லிய கோடு போதும். வெளியே பிதுங்குவது போல உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்கு ஒருநாள் பிய்ந்து ஆயில் ஸ்ட்ரெயினரை அடைக்கும்.

எல்லாம் ஒரிஜினல் சாமானா?

காசு இருந்தால் சரி. இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், டென்ஷனர், பியரிங், ஸ்டெம் சீல் இவற்றில் பிடிவாதமாக இருங்கள். வால்வு கவர் ரப்பர், ஹோஸ் கிளிப்பில் தாராளமாக இறங்கி வரலாம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருக்கும் "ஒரிஜினல்" பெட்டியை உள்ளே இருக்கும் சாமானின் அச்சோடு ஒத்துப் பாருங்கள்.

செலவு எவ்வளவு வரும்?

டாப் ஓவர்ஹாலில் சாமானும் மெஷின் ஷாப் கூலியும்தான் காசைத் தின்னும். நீங்கள் மிச்சம் பிடிப்பது கழற்றிப் பூட்டும் கூலியை மட்டும். ஃபுல் என்றால் பிஸ்டன், ரிங், பியரிங், ஆயில் பம்ப் என்று பட்டியல் நீளும். பிரிப்பதற்கு முன் போட்ட பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு தனியாக எடுத்து வையுங்கள். முறிந்த ஸ்டட், பிய்ந்த மரை, தொட்டதும் உடையும் பழைய பிளாஸ்டிக் கனெக்டர் எல்லாம் அங்கேதான் போகும். டார்க் ரெஞ்ச் செலவைக் காடிக் கணக்கில் எழுதாதீர்கள், அது உங்களோடு இருக்கும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் செம்பனை அடியிலும் ஊற்றாதீர்கள். கழிவு ஆயில் நம் நாட்டில் எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிட்ட கழிவு. டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்க ஆள் வரும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்கள் டிரம்மில் சேர்த்துக்கொள்வார்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்?

பிளக் இல்லாமல், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பியரிங் எல்லாம் ஆயில் குடித்த பிறகுதான் நெருப்பு காட்ட வேண்டும். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள். தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாவியைத் திருப்பும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் இஞ்சின் பக்கத்தில் நின்று பெட்ரோல் ஒழுகுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும், அது பரவாயில்லை. சிகரெட்டோடு வருபவரை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் ஆயிற்று, ஆனால் மேலே டிக் டிக் என்று சத்தம். மறுபடி பிரிக்கணுமா?

அவசரப்படாதீர்கள். இதில் ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லேஷ் அட்ஜஸ்டர்கள் இருக்கின்றன. பிரித்து வைத்திருந்தபோது உள்ளே காற்று போயிருக்கும். ஆயில் ஏறிக் காற்று வெளியேறினால் சத்தம் தானாக அடங்கும். சூடான பிறகும் பல நாள் அடங்கவில்லை என்றால் அட்ஜஸ்டரைப் பாருங்கள். ஆனால் கீழேயிருந்து, மிதிக்கும்போது டொக் டொக் என்று கனமாக வந்தால் அது வேறு விஷயம். உடனே அணைத்துவிடுங்கள்.

இஞ்சினைப் பழக்கும் ரன்-இன் எப்படி, எங்கே?

புது ரிங் சுவரோடு உட்கார, ஏறி இறங்கும் பாரம் வேண்டும். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவதும் பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போவதும் அதற்கு உதவாது. கோல கங்சார் போகும் பழைய சாலையோ லிந்தாங் பக்கத்துச் சாலையோ சரியாக இருக்கும்: நடுத்தர சுழற்சியில் மிதித்து ஏறி, காலை எடுத்துக் கியரிலேயே வேகம் குறையவிட்டு, மறுபடி மிதிப்பது. ரெட்லைன் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், ரேஸுக்குக் கூப்பிடும் மைவி காடியைப் போகவிடுங்கள். சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, 500 கிலோமீட்டர் வாக்கில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுவென்று மெல்லிய தூள் இருப்பது இயல்பு. விரலில் தட்டுப்படும் துகள் இருந்தால் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, காந்தம் வைத்துச் சோதியுங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், சுவர், கிராங்க் பக்கம். ஒட்டாமல் பளபளத்தால் முதலில் பியரிங்கைச் சந்தேகப்படுங்கள், அடுத்தது பிஸ்டன்.